ஆயிரத்தெட்டுக்கு மேலே ஒன்று

வட்டநல்லூரில் தெரு என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஒரு மொட்டைப் பாறை மலை. அதைச் சுற்றி வளையமாக அந்தத் தெரு. தெருவின் ஒரு பக்கம் முழுக்க மலையைப் பார்த்த வீடுகள். எண்ணினால் ஆயிரத்து ஒன்பது வாசல்.

ஆயிரத்தெட்டாக இருந்திருந்தால் ஊரில் யாருக்கும் மனக்குறை இருந்திருக்காது. ஆயிரத்தெட்டு என்றால் அர்ச்சனைக்கு ஆகும், கலசத்துக்கு ஆகும், விளக்குக்கு ஆகும். திருவிழா விருந்தில் வீட்டுக்கு ஒருவர் உட்கார்ந்தாலும் ஏழு வரிசை, எட்டு வரிசை, ஒன்பது வரிசை என்று அழகாகப் பந்தி போடலாம். ஆயிரத்து ஒன்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எத்தனை வரிசை போட்டாலும் கடைசி வரிசை மூளியாகத்தான் நிற்கும். மலை மேல் மடத்தில் இருப்பவர்கள் அதைப் பகா எண் என்பார்கள். ஊர்க்காரர்கள் பிடிவாதம் பிடித்த எண் என்பார்கள்.

இந்த ஒன்று எப்படிக் கூடியது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை போகும். ஆதியில் மடத்தைத் தொடங்கி ஊருக்கு மனை அளந்துகொடுத்த சாமியார் லாபம் என்று ஒரு மனையைக் கொடுத்துவிட்டு, ஞாபகப் பிசகாக அடுத்த மனைக்கு ஒன்று என்று ஆரம்பித்துவிட்டாராம். ஆயிரத்தெட்டு வரை ஒழுங்காக எண்ணத் தெரியாதவருக்கு மடம் ஒரு கேடா என்று கிண்டலடிப்பார்கள்.

மருதையர் மட்டும் இந்தக் கிண்டலுக்குச் சிரிக்க மாட்டார். முப்பது வருஷம் களத்திலும் மண்டியிலும் நெல் அளந்த கை அவருடையது. அளக்கிறவன் தூக்கத்தில் எண்ணினாலும் அந்த இடத்தில் தவற மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒன்று தெரிந்தே வைத்ததுதான். எதற்கு என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தாறாவது வயதில் அவர் மலை ஏறி மடத்தில் சேர்ந்தார். மடத்துக்குத் தலைவி பூங்காவி அம்மை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். எதற்காக வந்தீர் என்று அம்மை கேட்டபோது, சம்சாரம் போய்விட்டாள், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்று சொன்னார். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஊரறிந்தது.

அவர் மனைவி தெய்வானை பல மாதம் படுக்கையில் கிடந்தாள். வைத்தியர் கடும் பத்தியம் போட்டிருந்தார். ஒரு நாள் காலையில் மருதையர் களத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவள் மகள் வடிவைக் கூப்பிட்டு, கொஞ்சம் பழைய சோறும் மோரும் கொடுடி என்று கேட்டாள். மகள் கொடுத்தாள். அன்று சாயங்காலம் தெய்வானையின் உயிர் பிரிந்துவிட்டது. சோற்றால் ஒன்றும் ஆகவில்லை, அவள் நாள் முடிந்துவிட்டது என்று வைத்தியரே எடுத்துச் சொன்னார். அது மருதையர் காதில் ஏறவில்லை. பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே, ஊரார் முன்னிலையில் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"இனி செத்தாலும் உன் கையால் ஒரு பருக்கை வாங்க மாட்டேன்."

கொட்டின நெல்லை அள்ளிவிடலாம், கொட்டின சொல்லை அள்ள முடியுமா? வடிவும் அவள் புருஷனும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். மருதையர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மலை ஏறின பிறகுதான் அவர் ஒரு விஷயத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். மடத்தில் அடுப்பு கிடையாது. நாளுக்கு ஒரு வீடு, அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு. எந்த வீடு என்பதற்கும் ஒரு முறை உண்டு. சேருகிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு எண் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நடை என்று பெயர். நடை ஏழு என்றால், மலைப்படி இறங்கியதும் இருக்கிற முதல் வாசலில் இன்றைக்குச் சாப்பாடு, நாளை அங்கிருந்து வலமாக ஏழாவது வாசல், மறுநாள் அதற்கும் ஏழாவது. வளையம் முடிந்தாலும் நிற்காமல் எண்ணிக்கொண்டே போகலாம். திரும்ப முதல் வாசலுக்கே வந்து சேரும்வரை நடையை மாற்றக் கூடாது. போட்ட சோற்றை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது.

நடை மட்டும் அவரவர் இஷ்டம். மருதையர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டைத் தாண்டிப் போகிற நடையாக ஒன்று எடுத்துவிட்டால் தீர்ந்தது.

பாறை மேல் புளியங்கொட்டைகளை வட்டமாக அடுக்கினார், வாசலுக்கு ஒன்று. தன் வீட்டுக்கான கொட்டைக்கு மட்டும் சுண்ணாம்பு தடவினார். அது முதல் வாசலிலிருந்து முந்நூற்றைந்தாவது. அதை எண்ண வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு அது. பிறகு ஏழாக எண்ணினார். சுற்றிச் சுற்றி வந்து ஒரு நேரம் விரல் வெள்ளைக் கொட்டையின் மேல் நின்றது. பன்னிரண்டாக எண்ணினார். நின்றது. நூறாக, நூற்றொன்றாக, ஐந்நூறாக எண்ணிப் பார்த்தார். முன்னே பின்னே இருக்கும், வராமல் மட்டும் இருக்காது. சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை என்பது சரியாகத்தான் இருந்தது.

பாறையில் உட்கார்ந்தால் கீழே ஊர் முழுக்கத் தெரியும். எண்ணுகிற சாக்கில் அவர் கண் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய்விடும். கொல்லையில் முருங்கை பூத்திருப்பது தெரியும். அந்த மரத்தடியில்தான் வடிவு சின்னவளாக இருக்கும்போது கொட்டாங்கச்சியில் மண்சோறு ஆக்குவாள். மண்டியிலிருந்து மேலெல்லாம் உமியோடு வருகிறவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, அப்பன் நெல் அளக்கிற அதே ராகத்தில், லாபம், ரெண்டு, மூணு என்று பிடி பிடியாக மண்ணை எடுத்து வைப்பாள். அவர் வாயை அசைத்துத் தின்பதாகப் பாவனை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அழுவாள். அதை நினைக்கும்போதே பாடை கட்டின நாள் ஞாபகம் வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் அம்மையிடமே போய்க் கேட்டார்.

"ஏதாவது ஒரு வாசலில் மட்டும் படாமல் போகிற நடை உண்டா, அம்மையே?"

"எந்த வாசல்?"

"பொதுவாகக் கேட்டேன்."

"பொதுவாகச் சொல்கிறேன், இல்லை. ஆயிரத்து ஒன்பதைப் பங்கு போட்டுப் பாரும்."

மருதையர் போட்டுப் பார்த்தார். ரெண்டில் அடங்கவில்லை, மூன்றில் அடங்கவில்லை, ஐந்து, ஏழு, பதினொன்று என்று ஏறிக்கொண்டே போனார். முப்பத்தொன்றையும் பார்த்தபிறகு நிறுத்தினார். முப்பத்திரண்டு முப்பத்திரண்டு ஆயிரத்து இருபத்துநாலு, எண்ணைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஒரு எண் இதை வகுக்குமானால், அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்கும். எதுவும் அகப்படவில்லை. வளையத்தைச் சமமாக வெட்டும் அளவு ஒன்றும் இல்லாவிட்டால் எந்த நடையும் பாதியில் திரும்பி முதல் வாசலுக்கு வந்துவிட முடியாது, எல்லா வாசலையும் மிதித்துவிட்டுத்தான் வர வேண்டும். அந்த ஒன்றை எதற்காகக் கூட்டினார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. விளங்கினதும் ஆதி சாமியார் மேல் கோபம் கோபமாக வந்தது.

தப்ப முடியாது என்று தெரிந்ததும் தள்ளிப்போடப் பார்த்தார். எந்த வாசல் என்பது கையில் இல்லை, எப்போது என்பது கையில் இருந்தது. கொட்டைகளை வைத்து மல்லாடிக் கடைசியில் ஒரு நடை கண்டுபிடித்தார். எழுநூற்று நாலு. அந்த நடையில் போனால் அவர் வீடு எல்லா வாசலுக்கும் கடைசியாக வரும். ஏறக்குறைய மூன்று வருஷம். அதற்குள் யார் இருப்பார்களோ, யார் போவார்களோ.

எழுநூற்று நாலு என்று போய்ச் சொன்னபோது அம்மை மலைக்குக் கீழே ஒரு முறை பார்த்தார்.

"நிதானமான நடை" என்று மட்டும் சொன்னார்.

மருதையர் வாசல் வாசலாகப் போனார். பொரித்த குழம்பு ஊற்றின வாசல் உண்டு, வெறும் உப்பும் கஞ்சியும் கொடுத்த வாசல் உண்டு. ஊரில் முப்பது வருஷம் நெல் அளந்தவரை யாருக்குத்தான் தெரியாது? சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். தெய்வானை கைப்பக்குவம் யாருக்கு வரும் என்பார்கள். அவள் கலியாணத்தில் பாடின நலங்குப் பாட்டை ஒரு வீட்டில் பாடியே காட்டினார்கள். பேச்சோடு பேச்சாக வடிவைப் பற்றியும் ஏதாவது வரும். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்தது, இப்போது தேவலை என்பார்கள். மருதையர் ஊம் கொட்ட மாட்டார். எழுந்து போகவும் மாட்டார். மலை ஏறுகிற வழியில் அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போவார்.

அப்படியே காலம் ஓடி, மிச்சம் இரண்டே வாசல் என்று ஆகிவிட்டது. நாளை ஒன்று. மறுநாள் வடிவின் வாசல். அந்தச் சாயங்காலம் அடைமழை பிடித்துக்கொண்டது. மழையில் கீழே ஒரு வீடு இடிந்து விழுந்தது. வீட்டுக்காரக் கிழவி காசிக்குப் போய் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த மண்சுவர் வீடு. ஆளுக்குச் சேதமில்லை. அது எந்த வீடு என்று கேட்டதும் மருதையருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக்கு அவர் சாப்பிட வேண்டிய வாசல் அது.

ஓடிப்போய்க் கொட்டை வட்டத்திலிருந்து அந்த ஒன்றை எடுத்துவிட்டு எண்ணினார். வளையம் ஆயிரத்தெட்டு, இரட்டைப்படை. அவர் நடையும் இரட்டைப்படை. இரண்டும் இரட்டைப்படையானால் ஒன்றுவிட்டு ஒரு வாசலில்தான் கால் விழும், மற்றப் பாதியின் பக்கமே போகாது. வெள்ளைக் கொட்டை அந்த மற்றப் பாதியில் இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அம்மையிடம் போய்க் கைகட்டி நின்றார். தன் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆயிரத்தெட்டு எவ்வளவு புண்ணியமான எண், ஊரார் மனக்குறையும் தீரும், தெய்வமே மழையாக வந்து கணக்கைச் சரிசெய்துவிட்டது என்று நீட்டி முழக்கினார். அம்மை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சுவர் போனது சரி. நிலைப்படி?"

"நிலைப்படி மட்டும் நிற்கிறதாம்."

"நாளை முறை அந்த வாசல்தானே? போய்ப் பார்த்துவிட்டு வாரும்."

காலையில் மழை விட்டிருந்தது. மருதையர் கலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வெறும் கலத்தோடு திரும்பி வந்து, வாசலே இல்லை என்று சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். கூரையும் இல்லை, சுவரும் இல்லை, நிலை மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், குவிந்து கிடந்த மண்ணுக்கு நடுவே மூன்று கல் கூட்டி யாரோ உலை வைத்திருந்தார்கள். புகை கண்ணைக் கரித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அகப்பையோடு நிலைப்படிக்குள் வந்து நின்றவர் பூங்காவி அம்மை.

அம்மை மலையை விட்டு இறங்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை. மருதையர் கலத்தை நீட்டாமல் நின்றார்.

"மடத்துத் தலைவி சிஷ்யனுக்குச் சோறு போடுகிற வழக்கம் உண்டா, அம்மையே?"

"தலைவி மேலே இருக்கிறாள். இது அறுநூற்றுப்பத்தாவது வாசல். கலத்தை நீட்டும்."

சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, ஒரு பக்கம் அடி பிடித்திருந்தது. அடுப்பு மூட்டிப் பழக்கமில்லாத கை. மருதையர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கலத்தைக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், நாளைய வாசலிலும் அம்மையே நின்றுவிட முடியுமா என்று கேட்டார்.

"அங்கே நிற்க ஆள் இருக்கிறது" என்றார் அம்மை.

மறுநாள் மருதையர் விடிந்ததுமே மலை இறங்கிவிட்டார். முதல் வாசலிலிருந்து மெதுவாக நடந்தார். வழியில் ஒவ்வொரு வாசலும் அவர் சாப்பிட்ட வாசல். கதவு திறந்திருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கே போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும் போலிருந்தது.

வடிவு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சொல்லவந்ததெல்லாம் மறந்துபோனது. படியில் உட்கார்ந்தார். எத்தனையோ தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த படி. கலத்தை நீட்டினார்.

அவள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பழைய சோறு. மோரின் புளிப்பு வாசனை வந்தது. உரித்த சின்ன வெங்காயம் ஓரத்தில் இருந்தது. சோற்றைப் பிழிந்து முதல் பிடியைக் கலத்தில் வைத்தாள்.

"லாபம்" என்றாள்.

மருதையருக்குக் கண் மறைத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ரெண்டு, மூணு என்று அதே ராகத்தில் வைத்துக்கொண்டே போனாள். மோரை ஊற்றினாள்.

"அம்மா கடைசியா ருசிச்சுச் சாப்பிட்டது இதைத்தான்ப்பா. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுது. அதை உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

மருதையர் முதல் வாய் வைத்தார். தெய்வானை விடியற்காலையில் அவர் களத்துக்குக் கிளம்புமுன் கரைத்து வைக்கிற அதே சோறு, அதே உப்பு. அடுப்படி ஓரத்தில் அவள் குந்தியிருப்பதும், தொட்டிலில் இந்தப் பெண் சிணுங்குவதும், முருங்கைக் கிளையில் காக்கை கரைவதும் எல்லாம் அந்த ஒரு வாயில் திரும்பி வந்தன. அழுதுகொண்டே சாப்பிட்டார். வடிவு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க எடுத்த நடை எனக்கு மொத மாசமே தெரிஞ்சுபோச்சு. எந்தெந்த வாசல்ல சாப்பிட்டீங்கன்னு ஊர் பூராவும் பேச்சு. நானும் அளக்குறவர் மகதானே, எண்ணிப் பாத்தேன். மொத வாசல்லேருந்து நம்ம வீடு எவ்வளவு தூரமோ, தினமும் அவ்வளவு தூரம் இடப்பக்கமா விலகிப் போயிருக்கீங்க; வலமா எழுநூத்தி நாலு போறதும் இடமா முந்நூத்தஞ்சு போறதும் ஒண்ணுதானே. என்னைக் கடைசியா வெச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது. அன்னிக்கெல்லாம் அழுதேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் தோணுச்சு. கடைசியா வெச்சாலும் வெச்சீங்களே. இந்தப் படியை மிதிக்காமலே போறதுக்கு எத்தனையோ நடை இருந்திருக்கும். அதுல ஒண்ணை நீங்க எடுக்கலையேப்பா. அதை நெனச்சுக்கிட்டேதான் இத்தனை நாளும் இருந்தேன்."

மருதையர் கடைசிப் பருக்கை வரை தின்றுமுடித்தார். அவள் தலையில் கையை வைத்துவிட்டு எழுந்தார்.

மலை ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. அம்மை பாறை மேல் உட்கார்ந்திருந்தார். காலுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை வட்டம் கிடந்தது. மருதையர் எடுத்துவிட்டிருந்த கொட்டையை யாரோ பழைய இடத்தில் வைத்திருந்தார்கள். அவர் நடந்ததெல்லாம் சொன்னார், ஒன்றையும் ஒளிக்கவில்லை. முதல் முறையாகத் தன் வீடு எது என்பதையும் சொன்னார்.

"அவள் நம்பிக்கொண்டிருப்பது பொய், அம்மையே. தாண்டிப் போகிற நடை ஒன்றே ஒன்று இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். இல்லாததால் போனேன். நான் வைத்த இடம் அல்ல அது, எண் வைத்த இடம். திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?"

அம்மை வெள்ளைக் கொட்டையை எடுத்துப் பார்த்தார். மூன்று வருஷ மழையிலும் வெயிலிலும் சுண்ணாம்பு முக்கால்வாசி போய்விட்டிருந்தது. மற்றக் கொட்டைகளிலிருந்து அதைப் பிரித்தறிவது கஷ்டம். அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"நாளை முதல் வாசல். அதோடு உம்முடைய சுற்று முடிகிறது, இல்லையா?"

"ஆமாம்."

"அடுத்த சுற்றுக்கு நடை எடுத்துவிட்டீரா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் அவள் வாசலை எந்த நாளில் வைப்பது என்பது இனியும் உம் கையில்தான் இருக்கிறது. உம் மகள் சொன்னது பொய் என்று அதற்குள் எப்படிச் சொல்கிறீர்?"